சனி மூலைக் கரும்பு

மில்கேட் பஸ் நிறுத்தத்தில் இப்போது மில்லும் இல்லை, கேட்டும் இல்லை. ஆனாலும் சிதம்பரத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர், "மில்கேட்லாம் எறங்கு" என்றுதான் இன்றைக்கும் குரல் கொடுக்கிறார். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சர்க்கரை ஆலை ஓடிப் பார்த்ததே இல்லை. ஊரின் பெயரை எழுதினால் ஆலையின் பெயரும் கூடவே வந்துவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், வெள்ளாற்றுப் படுகையை ஒட்டி இருக்கிற சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலை ஓடியபோது வருடத்தில் ஐந்தாறு மாதம் ஊர் முழுக்கக் கரித்தூள் விழும். கொடியில் காயும் துணி, மூடாத தண்ணீர்க் குடம், குளித்துவிட்டு வருகிறவர் தலை, எதையும் அது விடாது. ஆலை மூடின மறு வருடம் தை மாதம், என் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்து, "வேட்டி வெள்ளையாவே இருக்குது, பாத்தீங்களா?" என்றாள். அதுவரைக்கும் ஏதோ நீண்ட விடுமுறை என்றுதான் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. அந்த வெள்ளை வேட்டியைப் பார்த்த பிறகுதான் ஆலை போய்விட்டது என்பது எனக்கு உறைத்தது. இப்போது சர்க்கரை மூட்டை அடுக்கிய கிடங்கு கல்யாண மண்டபமாகிவிட்டது. எத்தனை தடவை வெள்ளையடித்தும், பந்தியில் உட்கார்ந்தால் எங்கிருந்தோ எறும்பு வந்துவிடுகிறது என்று சமையல்காரர் குறைபட்டுக்கொள்கிறார். அந்த எறும்புகளுக்கு யார் சொன்னது என்று நானும் பல நாள் யோசித்ததுண்டு.

அனுபவத்தை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. போன மாதம் டீக்கடையில் ஒரு விவசாயி தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சார், இது என்னா வந்திருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு ஆலையிலிருந்து வந்த வெட்டு உத்தரவு அது. இத்தனாம் தேதி உங்கள் கரும்பை வெட்டி அனுப்பலாம் என்று இரண்டு வரி. அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை மஞ்சள் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அந்தக் காகிதத்தை நினைத்ததும் கலியபெருமாள் நினைவுக்கு வந்தார். அவர் நினைவு வந்தால் எனக்கு அவ்வளவு சுலபத்தில் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்தில் இரண்டு வருடம் விவசாயப் பட்டயம் படித்தேன். அதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது நாலைந்து பூச்சிகளின் பெயரும் விடுதிச் சாம்பாரின் ருசியும்தான். படித்து முடித்த வருடமே ஆலையில் கரும்பு உதவியாளர் வேலை கிடைத்தது. என் அம்மாவுக்கு அந்த வேலை என்னவென்று விளக்கிச் சொன்னேன். வயல் வயலாகப் போக வேண்டும், கரும்பைக் கடித்துப் பார்க்க வேண்டும், மாதம் பிறந்தால் சம்பளம். "கரும்பு தின்னக் கூலியான்னு கேப்பாங்க. உனக்கு நெசமாவே குடுக்கறாங்களாடா?" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

உண்மையில் வேலை கடிப்பதில் இல்லை, தேதியில் இருந்தது. ஒரு விவசாயி கரும்பு நட்டதும் நான் போய் அந்த வயலைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர், பரப்பு, ரகம், நட்ட தேதி. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். ஆலைக்கோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்க முடியும் என்று அளவு உண்டு. எல்லோரும் ஒரே நாளில் வெட்டிக்கொண்டு வந்தால் வண்டிகள் சாலையிலேயே நின்று காய்ந்துபோகும். அதனால் முதலில் நட்டவருக்கு முதலில் உத்தரவு. பதிவேட்டில் நான் எழுதும் அந்த ஒரு தேதிதான் அவருடைய முறையைத் தீர்மானிக்கும். வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிருக்குத் தொல்லை இல்லை, வெட்டிய நாள் ஆலைக்கே தெரியும். கரணை, அதாவது விதைக் கரும்புத் துண்டு, ஊன்றிப் புதிதாக நடும் பயிருக்குத்தான் விவசாயி வாயால் சொல்வதை எழுதியாக வேண்டும்.

எனக்கு மேலே கரும்பு அலுவலராக இருந்தவர் நடேசன் சார். மஞ்சக்குப்பத்துக்காரர். நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம். பேன்ட்டின் கால் முனையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிடுவார். சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தியும், நாலாக மடித்த செய்தித்தாளும் இருக்கும். கரும்பை ஒடித்து அடியில் ஒரு துண்டு, நுனியில் ஒரு துண்டு சீவுவார். முதலில் நுனியை மெல்லுவார், அப்புறம் அடியை. சக்கையை வயலில் துப்பமாட்டார், செய்தித்தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் என் கையில் இருக்கும் கருவியைப் பார்ப்பார். கைக்கு அடக்கமான குழல் அது. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அது இனிப்பின் அளவு. அவர் வாயில் சொன்னதும் கருவியில் தெரிந்ததும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றாக இல்லாத நாளில் கருவியைத் துடைக்கச் சொல்வார்.

"அடியும் நுனியும் ஒண்ணா இனிச்சா வெட்டு. நுனி சப்புன்னு இருந்தா விடு" என்பது அவர் பாடம். கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது. இன்னொரு கேள்விதான் வரும். முதல் நாளே என்னிடம், "எங்க வேணா கடி, சனி மூலையில மட்டும் கடிக்காத" என்றார். வயலின் வடகிழக்கு மூலையை எங்கள் பக்கத்தில் சனி மூலை என்போம். ஏன் சார் என்று கேட்டேன். "ஏன் கடிக்கணும்?" என்றார். சாமி சமாச்சாரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் விட்டது வாய்தானே தவிர மனசு இல்லை. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குக் காலில் முள் தைத்த மாதிரி, அதை எடுக்கும்வரை நடக்க முடியாது.

இரண்டாவது வருடம் பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆலை பிரித்து வைத்திருந்த எங்கள் கோட்டத்தில் நூற்றுக்கணக்கான வயல்கள். நட்ட தேதிகளோ மொத்தமே ஏழெட்டுதான், திரும்பத் திரும்ப அதே தேதிகள். மார்கழியில் ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட இல்லை. சுவர் ஆணியில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தை இறக்கி வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அத்தனையும் வளர்பிறை, அத்தனையும் நல்ல நாள். ஒரே நாளில் எண்பது பேர் வயலில் நடவு நடக்க வேண்டுமானால் அத்தனை ஆட்களுக்கு எங்கே போவது? அதுவும் தை மாதத்தில், சம்பா அறுவடைக்கே ஆள் கிடைக்காமல் அல்லாடும்போது?

படுகைக்குப் போய் ஒவ்வொருவரிடமாகக் கேட்டேன். "நீங்க நட்டது நெசமாவே தை பதினெட்டா?" "ஆமாம் சார், தை பதினெட்டு." அடுத்தவரும் தை பதினெட்டு. அதற்கடுத்தவரும் அதே. சிலர் சிரித்தார்கள். ஒருவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "வெயில் ஜாஸ்தியா இருக்குது, கோட்ட ஆபீசுக்குப் போங்க சார்" என்றார்.

கலியபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. ஆற்றோரம் மூன்று ஏக்கர் வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கேட்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கணும்னு."

"சும்மாவா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "வாங்க" என்று வரப்பில் முன்னால் நடந்தார். சனி மூலையில் போய் நின்றார். அங்கே ஒரு நாலு குத்து மட்டும் மற்றதைவிட ஒரு முழம் உயரமாக நின்றது.

"இதுதான் தை பதினெட்டு" என்றார். "நல்ல நாள்ல நாலு கரணை ஊனி, சூடம் காட்டி, சாமி கும்பிட்டுடுவோம். மீதியெல்லாம் ஆளு கெடைக்கறப்போதான். எனக்கு மாசி பத்தொம்பதுல ஆச்சு. ஊரே அப்படித்தான். நீங்க நட்ட தேதி கேட்டா அவுங்க நாள் வெச்ச தேதியச் சொல்லுவாங்க. அது பொய்யி இல்ல சார். அன்னிக்குத்தான் பயிரு பொறந்துச்சு."

சனி மூலையில் கடிக்காதே என்று நடேசன் சார் ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த நாலு குத்துக்கு மற்றதைவிட ஒரு மாதம் வயது கூட. அதைக் கடித்துவிட்டு வயல் முழுக்க விளைந்துவிட்டது என்று எழுதினால் ஆலைக்குப் பச்சைக் கரும்பு போய்ச் சேரும். ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "கண்டுபுடிக்க உனக்கு ரெண்டு வருசமா?" என்றார். அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி ஒரு மாதம் முன்னால் சொல்வதால் வரிசை கெடாது, அதனால் அவர் அதைத் தொடவே இல்லை.

நான் தொட்டேன். கலியபெருமாள் பெயருக்கு நேரே தை பதினெட்டை அடித்துவிட்டு மாசி பத்தொன்பது என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. என் பதிவேட்டில் ஒரே ஒரு உண்மைத் தேதியாவது இருக்கட்டும் என்று ஒரு ஆசை. அந்த ஒரு வயலை வைத்து எத்தனை மாதத்தில் எத்தனை கணு வருகிறது, எப்போது இனிப்பு நிற்கிறது என்றெல்லாம் தனியாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவர் புதிதாக நடும்போதெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்பேன். "உங்க தேதி, சார்" என்று சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்வார். அதனால் அவருக்கு ஒவ்வொரு முறையும் வெட்டு உத்தரவு மூன்று நாலு வாரம் பின்னால் வரும். ஆலை சித்திரை வரைக்கும் ஓடியதால் அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் மனைவிதான் ஒருமுறை, "ஊரோட ஒத்து வாழணும்பாங்க. இவரு சாரோட ஒத்து வாழறாரு" என்று என் காதில் விழும்படியே சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது.

கடைசி அரவை என்று தெரியாமலே அந்த அரவை நடந்தது. கொதிகலன் பழுது என்றார்கள், அதற்கும் மேலே என்னென்னவோ சொன்னார்கள். பங்குனி பத்தோடு அரவை நிறுத்தம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அன்றைக்குப் பங்குனி ஒன்று. பத்து நாளில் எவ்வளவு வெட்ட முடியும் என்று கணக்குப் போட்டதில், போன வருடம் தை மாதத்தில் நட்டவர்கள்வரை இடம் இருந்தது. மாசித் தேதிக்காரர்கள் வெளியே. எங்கள் கோட்டத்தில் மாசித் தேதி பதினோரு பேருக்கு. அதில் பத்துப் பேர் மாசியில் நாள் பார்த்துப் பங்குனியில் நட்டவர்கள், அவர்கள் கரும்பு உண்மையிலேயே இளசு. பதினோராவது கலியபெருமாள்.

அவர் வயலுக்கு அடுத்த வயல் பன்னீர்செல்வத்துடையது. கலியபெருமாளுக்கு மச்சான், மனைவியின் தம்பி. இரண்டு பேரும் சனி மூலையில் கரணை ஊன்றியது ஒரே நாளில்தான். நடவு ஆட்கள் கலியபெருமாள் வயலை முடித்துவிட்டு, நாலு நாள் கழித்துப் பன்னீர் வயலில் இறங்கினார்கள். நானே அந்த வரப்பில் நின்று பார்த்தவன். பதிவேட்டில் பன்னீர் தை, கலியபெருமாள் மாசி. பன்னீருக்கு உத்தரவு உண்டு, கலியபெருமாளுக்கு இல்லை.

அறிவிப்பு ஒட்டின மறுநாள் காலை கலியபெருமாள் கோட்ட அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றார். நான் வெளியே போனேன்.

"எங்க மொறை எப்போ வருது சார்?" என்று மட்டும் கேட்டார்.

"பாக்கறேன்" என்றேன்.

இரண்டு வயலுக்கும் போனேன். எதிரெதிர் மூலையிலிருந்து இருபது இருபது அடி உள்ளே போய், ஒவ்வொரு வயலிலும் பத்துக் கரும்பு ஒடித்தேன். கணுவை எண்ணினேன். அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் குத்திச் சாறு எடுத்துக் கருவியில் பார்த்தேன். கலியபெருமாள் கரும்பில் அடியும் நுனியும் ஒன்றாக நின்றன. பன்னீருடையதில் நுனி கொஞ்சம் பின்தங்கியிருந்தது. வரிசைப்படி பார்த்தால் கலியபெருமாள்தான் முன்னால். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி நடேசன் சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தைப் படித்தார். "இப்ப என்னா செய்யணுங்கற?"

"பன்னீர் தேதி தப்பு சார்."

"பன்னீர் தேதி மட்டுமா?"

ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். வெட்டும் ஆட்கள் ஏற்கெனவே ஊர் ஊராக வயலில் இறங்கிவிட்டார்கள்.

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். "தேதிய மாத்தணும்னா என் கையெழுத்து வேணும். நான் போடறேன். நீ எழுது."

"என்னான்னு சார்?"

"பன்னீருக்குப் போட்ட அதே தை தேதி. அன்னிக்கு அவரு நாலு கரணை ஊனுனாரா இல்லியா?"

"ஊனுனாரு."

"அப்புறம்?"

"அது நடவு இல்லையே சார்" என்றேன்.

இதைச் சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. அத்தனை வருடமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே உண்மைத் தேதி அது. அதன் மேல் என் கையாலேயே கோடு போட என்னால் முடியவில்லை. விதி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதியும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் கர்வம். எனக்குத் தெரிந்ததை, நான் கண்டுபிடித்ததை, நானே பொய்யாக்குவதா என்கிற கர்வம். நடேசன் சார் ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து மூடிப் பையில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பன்னீர் வயலில் வெட்டு நடந்த அன்று அவர் வரப்பைத் தாண்டி வந்து, "மாமா, ஒங்களுது ரெண்டு டிராக்டர் என் பேர்ல போவட்டும். வர்றது வரட்டும்" என்று கெஞ்சினார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். அடுத்தவர் கரும்பை இன்னொருவர் பெயரில் அனுப்பினால் நான் தடுக்க வேண்டும். அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். கலியபெருமாள் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏன் மச்சான், எனுது போனா ஒனுது நிக்கும். எங்க அக்காவும் தம்பியும் சண்ட போட்டுக்கறத நான் பாக்கணுமா?" என்றார். தன் மனைவியை "எங்க அக்கா" என்று மச்சானின் வாயால் சொல்வது போலச் சொல்லிக் கேலி செய்வது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஆலை பங்குனி பத்தோடு நின்றது, திரும்ப ஓடவே இல்லை. வெல்லம் காய்ச்சுகிற இரண்டு ஆலைகளுக்கு நான் கால் தேய நடந்தேன். அங்கே ஏற்கெனவே மலை மாதிரி கரும்பு குவிந்து கிடந்தது. சிதம்பரம் தேரடிப் பக்கம் கரும்புச்சாறு பிழிகிறவர் நாலு கட்டு எடுத்துக்கொண்டார். மூன்று ஏக்கருக்கு நாலு கட்டு! மீதியெல்லாம் வெயிலில் நின்று, சக்கையாகி, பூத்தது. கரும்புப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளி மாதிரி மினுமினுவென்று இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து என்ன அழகு என்பார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. கடைசியில் அவர் டிராக்டர் விட்டு அதை மண்ணோடு மடக்கி உழுதார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கடலூரில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாகச் சில வருடம் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டையில் அவரை ஒருமுறை பார்த்தேன். அவர் எனக்கு சல்யூட் அடித்து விளையாட்டுக் காட்டினார். நான் பார்க்காதது போல அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அப்புறம் எனக்கும் வயதாகி ஓய்வு என்று ஒன்று வந்தது. ஆலையே இல்லாத பிறகு ஓய்வு என்பது வெறும் காகிதம்தான். கடலூருக்கே போய்விடலாம் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நான் இங்கேயே இருந்துவிட்டேன். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு படுகைப் பக்கம் ஒரு சுற்று. சில வயலில் சவுக்கு, சில வயலில் கத்தரி, நிறைய நெல். யார் என்ன நட்டிருக்கிறார்கள், ஏன் நட்டிருக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் ஒரு வரப்பைத் தாண்ட முடியாது. போன வருடம் கலியபெருமாள் ஊர் திரும்பி, அதே மூன்று ஏக்கரில் மறுபடி உழுதுகொண்டிருந்தார். இந்தத் தை மாதம் சனி மூலையில் நாலு கரணை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆலைக்குப் பதிவாம்.

போன வாரம் நான் அவர் வயலோரம் நின்றிருந்தபோது ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பெயர் கயல்விழி. காட்டுமன்னார்கோயில் பக்கம் வீடு, அந்த ஆலையில் கரும்பு உதவியாளர். நான் பார்த்த அதே வேலை, பதிவேட்டுக்குப் பதில் கையில் பலகை மாதிரி ஒரு கணினி.

"நட்ட தேதி சொல்லுங்க ஐயா."

கலியபெருமாள் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம்தான் நடவு முடிந்திருந்தது. அந்த உண்மைத் தேதியைத்தான் சொல்வார்.

"தை இருபத்திரண்டும்மா" என்றேன் நான், அவரை முந்திக்கொண்டு. "நான் கூடவேதான் இருந்தேன். காலையில ஆரம்பிச்சு சாயங்காலம் முடிச்சாங்க. பதினெட்டு ஆளு."

சூடம் காட்டிய நேரத்தில் நான் வீட்டில் தோசை தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பதினெட்டு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கே தெரியாது.

அவள் அதைத் திரையில் தட்டிக்கொண்டாள். "சரி சார், போட்டுக்கறேன். ஆனா இத வெச்சு ஆர்டர் வராது. சாட்டிலைட்ல மேலேர்ந்து வாராவாரம் படம் எடுக்கறாங்க. வயல் எப்போ வெறும் மண்ணா இருந்துச்சு, எப்போ பச்சை புடிச்சுதுன்னு அதுவே காட்டிடும். தேதி சும்மா ஒரு பேருக்குத்தான்." திரையில் படுகையைக் காட்டினாள். வயல்கள் எல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான் ஐயா."

"இந்தப் பக்கத்து வயலுக்கும்? அது என் மச்சானுது."

"அவருக்கும் அதே மாதிரிதான்."

அவர் நிமிர்ந்து ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வயலை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் நின்றவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடலாம் என்று நானும் தொண்டையைச் செருமினேன்.

அவர் முந்திக்கொண்டார். "நல்லாத்தான் பொய்யி சொல்றீங்க சார்" என்றார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனார்.